மேலவிளை வண்டியின் முள்

மேலவிளை பொன்னப்பன் பனச்சமூடு சந்தியில் வண்டியை விட்டு இறங்கியபோது சுவாமிதாஸின் பட்டறை வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். கூட்டியது அவர்தான். விடிந்ததுமே டிரைவர் கனகதாஸை அனுப்பி, சாயாக்கடை கருணாகரன் முதல் சுமடு எடுக்கக் காத்து நிற்பவர்கள் வரை எல்லோரிடமும் சொல்லச் செய்திருந்தார். மேலவிளைக்காரர் பத்து மணிக்கு வருகிறார், மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறார். நாலு பேர் முன்னால் கேட்காத கேள்வியைக் கேள்வியாகவே அவர் மதித்ததில்லை.

எழுபது வயதுக்கு அவர் முதுகு வளைந்திருக்கவில்லை. கஞ்சி போட்ட வேட்டி, தோளில் மடித்துப் போட்ட துண்டு, கையில் பூண் போட்ட குடை. குடையைத் தரையில் ஊன்றி நின்றார்.

"எலே சுவாமிதாஸ், வெளியே வா."

சுவாமிதாஸ் வந்தான். முப்பத்தைந்து வயது. முழங்கை வரை கரி. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தவன் வண்டியைத்தான் முதலில் பார்த்தான், அவரைப் பார்க்கவில்லை. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப் அது. பச்சைச் சாயத்தின் மேல் மேலவிளை வீட்டுப் பெயரைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார் பொன்னப்பன்.

"பதினஞ்சு நாளைக்கு முந்தி நீ இதுக்கு ரேடியேட்டர் ஹோஸ் மாத்தினே. உண்டா இல்லியா?"

"உண்டு."

"அன்னையிலேருந்து மீட்டர்ல சூடு காட்டுத முள்ளு பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. அதுக்கு முந்தி ஆடினதில்ல. நீ என்னத்தலே செய்தே எனக்க வண்டிய?"

கூட்டம் நெருங்கியது. சுவாமிதாஸ் துணியைத் தோளில் போட்டான்.

"கிழிஞ்ச ஹோஸை எடுத்தேன், புது ஹோஸை இட்டேன். வேற என்ன செய்ய?"

"போலீஸ் வேனுக்கும் நீதானே வேலை பாக்குதே?"

"பாக்குதேன். பாதிரியாருக்க காரும் பாக்குதேன், உங்களுக்க வண்டியும் பாக்குதேன். நட்டுக்கும் போல்ட்டுக்கும் கட்சி கெடையாது."

"உனக்கு உண்டு. எனக்க மகன் நாளைக்கு ஜெயில்லேருந்து வாறான்னு தெரிஞ்சிட்டே நீ இதைச் செய்திருக்கே. வண்டி வழியில நிக்கணும், ஊரு சிரிக்கணும். அதுக்கு எவனோ உனக்குச் சொல்லித் தந்திருக்கான்."

இதைத்தான் கேட்க வந்தார். கேட்டுவிட்டார். அவருக்கு மூச்சு சற்று வாங்கியது, ஆனால் குடை அசையவில்லை.

மகன் செல்லசாமி, திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைப் பிரித்துச் சென்னை மாகாணத்தோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலம் போனவன். ஐம்பத்து நாலு ஆவணியில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆறு மாதம் கழித்து நாளை காலை திருவனந்தபுரத்தில் விடுகிறார்கள். போன சனிக்கிழமை அவனைப் பார்க்கப் போகும்போதுதான் அந்த அவமானம் நடந்தது. அதியன்னூர் ஏற்றத்தில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது, உடனே பாதிக்கு விழுந்தது, மறுபடியும் ஏறியது. கனகதாஸ் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினான். எதிரே, அந்தத் தாலுகாக்களை விடமாட்டோம் என்ற ஐக்கிய கேரளக்காரர்களின் கொடி ஊர்வலம். வண்டியிலிருந்த தமிழ் எழுத்தைப் படித்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எந்தா மூப்பிலே, வண்டி மதராசிலேக்கோ?" என்றான் ஒருவன். "தள்ளித் தரட்டே? கன்யாகுமாரி வரெ தள்ளாம்" என்றான் இன்னொருவன்.

ஒரு மணி நேரம் வெயிலில், முன் சீட்டில், நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் பொன்னப்பன். பிறகு வண்டி திரும்பி வந்தது. மகனைப் பார்க்கவில்லை. நாளைக்கும் அதே சாலை, அதே ஏற்றம். பஸ்ஸில் கூட்டி வரலாமே என்று மருமகள் சத்யபாமா மெதுவாகச் சொன்னாள். கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்து வருவதற்கு மேலவிளை வீட்டுப் பிள்ளை களவு செய்துவிட்டா உள்ளே போனான்? அதே வண்டியில், முன் சீட்டில், அதே அதியன்னூர் வழியாகத்தான் வருவான் என்று அவர் பத்துப் பேரிடம் சொல்லியாகிவிட்டது.

சுவாமிதாஸ் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"செரி. இத்தனை பேரைக் கூட்டியாச்சு. இவுங்களுக்க முன்னாலேயே வண்டியத் திறக்குதேன். எனக்க கையில குத்தம்னு கண்டா இன்னைக்கே பட்டறையைப் பூட்டிட்டுப் போறேன். இல்லேன்னு கண்டா?"

"இல்லேன்னு கண்டா இதே இடத்துல நின்னு, குத்தம் மேலவிளை வீட்டுக்காக்கும்னு எனக்க வாயால சொல்லுவேன்."

"எல்லாரும் கேட்டியளா?"

"கேட்டோம்" என்றது கூட்டம். அதில் இரண்டு கட்சிக்காரர்களும் இருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் இரு கட்சிக்கும் ஒரே ஆவல்.

கருணாகரன் கடை பெஞ்சைத் தூக்கி வந்து நிழலில் போட்டான். அவன் கடைக் கூரையில் ஐக்கிய கேரளக் கொடி. "இரியுங்க. வெயிலாக்கும். குடிக்க வெள்ளம் வேணுமா?"

"தண்ணி உண்டான்னு கேளு" என்றார் பொன்னப்பன்.

"அது ரெண்டும் ஒரே கிணத்துலேருந்துதான் வருது" என்றான் கருணாகரன். நாலைந்து பேர் சிரித்தார்கள். பொன்னப்பன் உட்காரவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு சுவாமிதாஸ் கனகதாஸைக் கூப்பிட்டான். "முள்ளு எப்பிடி ஆடுது? ஏறி நிக்குதா, ஏறி இறங்குதா?"

"ஏறும், சட்டுன்னு விழும். எண்ணி இருபது எண்ணுறதுக்குள்ள திரும்ப ஏறும். ஏத்தத்துலதான் கூடுதல்."

"இத்தனை பெரிய இரும்புக் கட்டி இருபது எண்ணுறதுக்குள்ள சூடாகி ஆறாது. ஒண்ணு, முள்ளு பொய் சொல்லணும். இல்லேன்னா முள்ளுக்க வேரைத் தொடுறது தண்ணியா இல்லாம வேற எதாவதா இருக்கணும்."

"கதை வேண்டாம். ஹோஸைக் காட்டு" என்றார் பொன்னப்பன்.

"அதையும் காட்டுதேன். முதல்ல மீட்டர்."

மீட்டரிலிருந்து எஞ்சினுக்கு மெல்லிய செப்புக் குழல் ஒன்று போகிறது. அதன் முனையில் சுண்டுவிரல் அளவு குமிழ். அது எஞ்சினின் தலைப்பாகத்தில் நீருக்குள் முங்கி நின்று சூட்டைச் சொல்லும். சுவாமிதாஸ் அதைக் கழற்றி, துளையை மரக்கட்டையால் அடைத்தான். கருணாகரனிடம் கொதிக்கும் கெட்டிலைக் கொண்டுவரச் சொல்லிக் குமிழை அதற்குள் விட்டான்.

"மொதலாளி, நீங்களே முள்ளைப் பாருங்க. பொறவு நான் கையை வச்சேன்னு சொல்லப்பிடாது."

பொன்னப்பன் வண்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். முள் நிதானமாக ஏறியது. சிவப்புக் கோட்டின் மேல் ஏறி, அங்கேயே நின்றது. கனகதாஸ் நூறு வரை எண்ணினான். ஆடவில்லை. பச்சைத் தண்ணீரில் விட்டதும் அதே நிதானத்தில் இறங்கியது.

"மீட்டர் யோக்கியன்" என்றான் சுவாமிதாஸ்.

"அப்போ குத்தம் வண்டிக்குள்ள. வண்டிக்குள்ள கைவச்சது நீ" என்றார் பொன்னப்பன்.

கூட்டத்தில் சிலர் தலையசைத்தார்கள். சுவாமிதாஸ் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினான். விறைப்பாக இருந்தது. ஹோஸைப் பிடித்துப் பிசைந்தான். உள்ளே ஒட்டவில்லை, இரண்டு முனையிலும் ஈரக்கசிவு இல்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். அவர்கள் ஒவ்வொருவராக வந்து, மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிறவர்களைப்போல ஹோஸை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். குமிழைப் பழையபடி முறுக்கி, ரேடியேட்டரின் மூடியைத் திறந்து வைத்து, "ஸ்டார்ட் பண்ணு" என்றான்.

எஞ்சின் ஓடியது. துருவேறிய செம்மண் நிறத்தில் நீர் தெரிந்தது. சூடு ஏற ஏற அது அசைந்தது, கலங்கியது, பிறகு திடீரென்று பொங்கியது. நுரை. மூடி வாயில் ததும்பி, ரேடியேட்டரின் மேல் வழிந்து, சூட்டில் சுருங்கி ஒட்டியது. வண்டிக்குள்ளிருந்து கனகதாஸ் கத்தினான், "ஏறுது! எறங்கீட்டு. திரும்ப ஏறுது!"

"கண்டாச்சு" என்றான் சுவாமிதாஸ். "குமிழுக்க மேல ஒரு நேரம் நுரை நிக்குது, ஒரு நேரம் வெள்ளம் நிக்குது. அதாக்கும் ஆட்டம்."

பொன்னப்பன் குடையை நுரைக்கு நேரே நீட்டினார். குரல் அதுவரை இல்லாத உயரத்துக்குப் போனது.

"எல்லாரும் பாருங்க. நுரை எதுலே வரும்? சோப்புல வரும். ஹோஸை மாத்துறேன்னு சொல்லிச் சோப்பைக் கரைச்சு ஊத்தியிருக்கான். பட்டறையப் பூட்டுலே."

கூட்டம் சுவாமிதாஸைப் பார்த்தது. பட்டறை வாசலில், கை கழுவுகிற இடத்தில், பாதி தேய்ந்த சோப்புக்கட்டி எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. "நுரை வருதே தாசு" என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். அவன் ஐக்கிய கேரளக்காரன், அதுவரை சுவாமிதாஸின் பக்கம் நின்றவன். சுவாமிதாஸின் முகம் கறுத்தது. அவன் கண் அந்தச் சோப்புக்கட்டிக்கே போனதைப் பொன்னப்பன் கவனித்தார். அதைக் கண்டு அவருக்குள் ஒரு மகிழ்ச்சி எழுந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"எஞ்சினை நிறுத்து" என்றான் சுவாமிதாஸ்.

அவன் தரையில் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான். ரேடியேட்டரின் அடியில் நீரை வடிப்பதற்கு ஒரு சிறு குழாய் உண்டு. அதைத் திறந்தான். நீர் வரவில்லை. சொட்டியது, நின்றது. "அடைச்சிருக்கு" என்று அடியிலிருந்து குரல் வந்தது. ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் குத்தினான். சளக்கென்று கொட்டியது. அடியில் வைத்திருந்த தகரப் பாத்திரத்தில் விழுந்தது வெறும் துரு நீர் அல்ல. அதில் வெள்ளையாய்க் கட்டிகட்டியாய் ஏதோ மிதந்தது. புளித்த நெடி அடித்தது.

கருணாகரன்தான் முதலில் மூக்கைச் சுளித்தான். பிறகு குனிந்து மோந்தான். "இது சோப்பில்ல. பழங்கஞ்சியாக்கும்."

சுவாமிதாஸ் வெளியே வந்தான். கம்பியின் முனையைத் தூக்கிக் காட்டினான். அதில் ஊறிப் பெருத்த ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

சந்தி முழுக்கச் சிரித்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் என்னவென்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"மேலவிளையில வண்டிக்கும் பத்து மணிக் கஞ்சி உண்டோ?"

"தொட்டுக்க காந்தாரி மொளகு வச்சியளா?"

"சுவாமிதாஸ், கம்பிய இன்னும் விட்டுக் குத்துடே, உள்ள துவையலும் கெடக்கும்."

பொன்னப்பன் பருக்கையைப் பார்த்தார். சிவப்புச் சம்பா. அவர் வயலில் விளைகிற அரிசி. பட்டறையில் சமைப்பதில்லை. சந்தியில் இருக்கிறவர்கள் ரேஷன் பச்சரிசி தின்கிறவர்கள். அதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பதினைந்து நாளுக்கு முந்திய அந்தக் காலை அவருக்கு முழுதாக நினைவுக்கு வந்தது.

செல்லசாமியைப் பிடித்துக்கொண்டு போன அன்று அவர் வீட்டில் ஒரு கட்டளை போட்டிருந்தார். இனி இந்த வீட்டில் மலையாளச் சொல் ஒன்றும் பேசக்கூடாது. கத்து போய்க் கடிதம் வந்தது. கசேரை போய் நாற்காலி வந்தது. வெள்ளம் போய்த் தண்ணி வந்தது. மருமகள் சத்யபாமா அதியன்னூர்க்காரி. பிறந்ததிலிருந்து வெள்ளம் குடித்து வளர்ந்தவள். தவறிவிடுமோ என்ற பயத்தில் அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அடுக்களையில் வேலை செய்யும் பங்கஜாட்சிக்கு எல்லாம் பழகிவிட்டது. இந்த ஒன்றுதான் பழகவில்லை. அந்த வீட்டு அடுக்களையில் நாற்பது வருடமாகத் தண்ணி என்றால் வேறு பொருள். சோற்றை வடித்து, பெரிய பானையில் புளிக்க வைத்து, வயலில் வேலை செய்கிறவர்களுக்கு ஊற்றுகிற கஞ்சித் தண்ணிதான் தண்ணி. கிணற்றில் இருப்பது வெள்ளம்.

ஹோஸ் மாற்றி வண்டி வீட்டுக்கு வந்தபோது, ஆறினதும் ரேடியேட்டரில் குறைந்ததை நிரப்பவேண்டும் என்று சுவாமிதாஸ் சொல்லி அனுப்பியிருந்தான். கனகதாஸ் சாப்பிட உட்கார்ந்திருந்தான். பொன்னப்பனே அடுக்களைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார், "எட்டி பங்கஜாட்சி, வண்டிக்கு ஒரு பானை தண்ணி கொண்டு ஊத்து."

அவள் வாசல்படியில் வந்து நின்றாள். "தண்ணியா மொதலாளி? வெள்ளமா?"

அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அந்தச் சொல்லு இந்த வீட்டுக்குள்ள கேக்கப்பிடாதுன்னு எத்தனை தடவை சொல்லுது? தண்ணின்னா தண்ணி."

அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பானையைச் சுமந்து வந்து ஊற்றினாள். அவர் பக்கத்தில்தான் நின்றார். சாலையைப் பார்த்தபடி, முதுகை நிமிர்த்தி நின்றார்.

"பங்கஜாட்சியாக்கும் ஊத்தினது" என்றான் கனகதாஸ், முதலாளியைக் காப்பாற்றுகிற அவசரத்தில். "நான் சாப்பிட்டுட்டு இருக்கும்போ கண்டேன். அவளுக்கு என்ன தெரியும், வண்டியும் மாடும் அவளுக்கு ஒண்ணுதான்."

கூட்டம் அதை உடனே ஏற்றுக்கொண்டது. வேலைக்காரியின் அறிவீனம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. சுவாமிதாஸ்கூடக் கம்பியைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அவளைத்தான் கூட்டிட்டு வரணும்" என்றான். பொன்னப்பன் ஒரு தலையசைப்போடு வண்டியில் ஏறியிருக்கலாம். குற்றம் வீட்டுக்குத்தான், ஆனால் அடுக்களையோடு நின்றுவிடும். அவர் பெயருக்கு வராது.

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறி மறுபடியும் போட்டார்.

"அவளைப் பேசாதலே கனகதாஸ்" என்றார். "அவ கேட்டா."

சிரிப்பு குறைந்தது.

"அவ எங்கிட்ட கேட்டா." அடுத்து வரவேண்டியது அந்தச் சொல். அதைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல வழியிருக்கிறதா என்று தேடினார். இல்லை. கருணாகரன் கடைக் கூரையில் கொடி ஆடிக்கொண்டிருந்தது. "தண்ணியா வெள்ளமான்னு கேட்டா. எங்க அடுக்களையில தண்ணின்னா கஞ்சித் தண்ணியாக்கும். வெள்ளம்னு சொல்லியிருந்தா கிணத்துல கோரி ஊத்தியிருப்பா. நான் தண்ணின்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். ஊத்தும்போ பக்கத்துலதான் நின்னேன். குத்தம் மேலவிளை வீட்டுக்காக்கும். வீட்டுக்குன்னா எனக்கு."

பின்னாலிருந்து ஒரு குரல், "மூப்பில் வெள்ளம்னு மூணு தரம் சொல்லியாச்சு" என்றது. யாரோ அவனை அடக்கினார்கள்.

"ரெண்டு தரம்" என்றார் பொன்னப்பன், திரும்பிப் பார்க்காமல்.

சுவாமிதாஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் இளகவில்லை. "நான் சோப்பு கரைச்சேன்னு சொன்னியளே, காசு வாங்கினேன்னு சொல்லாத கொறையாச் சொன்னியளே, அது?"

"அது நான் சொன்ன பொய்யி. தெரியாமச் சொன்னேன், ஆனாலும் பொய்யி."

"செரி" என்றான் சுவாமிதாஸ். "உள்ள பிடிச்சிருக்க பசைய எடுக்கணும். துணி வெளுக்குற காரத்தைக் கரைச்சு ஊத்தி, ஓட்டி, வடிச்சு, நல்ல வெள்ளத்துல ஏழெட்டுத் தடவை கழுவணும். காரம் நான் தாறேன். வெள்ளம் கருணாகரனுக்க கிணத்துல உண்டு. நான் கோரித் தரமாட்டேன். கேட்டு வாங்குங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. கருணாகரன் கிணற்றடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்ன சொல் வருகிறது என்று கேட்க அவனுக்கும் ஆசை இருந்தது.

பொன்னப்பன் குடையைக் கனகதாஸிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். நேரே கிணற்றடிக்குப் போய், கருணாகரனைப் பார்த்து, "வாளி" என்றார்.

கருணாகரன் வாளியைக் கொடுத்தான்.

அவரே கோரினார். கனகதாஸ் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தபோது, "விடுலே" என்றார். எட்டு முறை வடித்தார்கள், எட்டு முறை நிரப்பினார்கள். ஒவ்வொரு முறையும் வாளியோடு சாலையைக் குறுக்கே கடந்து வந்தார். வேட்டி நனைந்து காலில் ஒட்டியது. கஞ்சி போட்ட விறைப்பெல்லாம் போயிற்று. சுவாமிதாஸ் வாங்கி ஊற்றினான். சூடேறினால் திறந்து நீரை விடுகிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி, அதில் பாலாடைபோலப் படிந்திருந்த பசையைச் சுரண்டினான். நூலில் கட்டிக் கெட்டிலுக்குள் விட்டு அது திறப்பதைப் பார்த்துவிட்டு மாட்டினான். கடைசி வாளி தெளிவாக உள்ளே போய்த் தெளிவாக வெளியே வந்தது. நிரப்பி, காற்றுப் போக எஞ்சினை ஓடவிட்டு, மூடியை இறுக்கினான்.

கனகதாஸ் வண்டியை வெள்ளறடை ஏற்றம் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தான். முள் நடுவில் ஏறி, ஆணி அடித்ததுபோல நின்றிருந்தது. அதற்குள் வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள்.

"இனி ஆடாது" என்றான் சுவாமிதாஸ். "பொறவு ஒண்ணு. இந்த வண்டி இனி எனக்க பட்டறைக்கு வரண்டாம்."

"வராது" என்றார் பொன்னப்பன். "நீ பட்டறையப் பூட்டவும் வேண்டாம்."

"அது எனக்குத் தெரியும்."

அவர் ஏறி உட்கார்ந்தார். இருவரும் விடைபெறவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது செய்தி முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. சத்யபாமா தூணோரம் நின்றாள். அவருடைய நனைந்த வேட்டியைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பங்கஜாட்சி அடுக்களை வாசலில், உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் நின்றாள். அவள் உதடு துடித்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அதைக் கேட்டுவிட்டால் அவரால் அங்கே நிற்க முடியாது.

"நாளைக்கு விடியும்போ வண்டி புறப்படும்" என்றார் முந்திக்கொண்டு. "வழிக்கு ரெண்டு பானை நிறைச்சு வண்டியில வை."

அவள் சரியென்று தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. எதை நிறைப்பது என்று அவள் கேட்கவில்லை. இனி இந்த ஜென்மத்தில் அவள் அவரிடம் எதையும் இரண்டாவது முறை கேட்கப்போவதில்லை என்பதை அந்த நிற்பில் அவர் கண்டார். நாளைக்கு அதியன்னூர் ஏற்றத்தில் மகன் பக்கத்தில் இருப்பான்.

சந்தியில் அந்தச் சொல்லைச் சொல்லியாகிவிட்டது. ஆனால் இது வீடு. கட்டளை போட்டவர் அவர்.

முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"கிணத்துல உள்ளது" என்றார்.